நோயாளிக்கு விளங்காத நோயறிக்கை

வவுனியாப் பகுதிக் கமக்காரர் ஒருவர் சென்ற ஆண்டு காணி உறுதி ஒன்றின் பொருட்டு நம்மிடம் வந்திருந்தார். வயது ஐம்பத்திரண்டு. உறுதியைத் தேடித் தமது பையைக் கவிழ்த்தபோது இரத்தப் பரிசோதனைத் தாள்கள் நான்கும் மேசைமீது விழுந்தன. ஆண்டுக்கு ஒன்றாக நான்கு, நான்கும் ஆங்கிலம். இவை யாவை என்று வினவினோம். "கிளினிக்கில தந்தவை ஐயா. நட்சத்திரம் போடாட்டிப் பயமில்லை எண்டு சொன்னவை" என்றார்.

உறுதியை ஒருபுறம் வைத்துவிட்டுத் தாள்களை நோக்கினோம். சிறுநீரகம் கழித்து அகற்ற வேண்டிய கிரியற்றினின் என்னும் பொருள், அவருடைய இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 0.8 மில்லிகிராமாக இருந்து, அடுத்த ஆண்டுகளில் 1.0, 1.2, 1.5 என்று வந்திருந்தது. 0.7 முதல் 1.3 வரை இயல்பு என்பது தாளின் ஓரத்தில் அச்சிட்ட விதி. ஆகவே முதல் மூன்று தாள்களில் நட்சத்திரம் இல்லை. முதல் வாரம் கிடைத்த நான்காவது தாளில் இருந்தது. அதை அவர் இன்னும் கவனித்திருக்கவில்லை.

வைத்திய நண்பர் ஒருவரிடம் இவ்வெண்களைக் கொடுத்தோம். வயதையும் சேர்த்து அவர் கணித்தபோது, சிறுநீரகம் வடிகட்டும் அளவு ஏறத்தாழ 105இலிருந்து 90, 72, 55 என்று இறங்கியிருப்பது தெரிந்தது. அறுபதுக்குக் கீழே இறங்கி மூன்று மாதம் நீடித்தால் அதனை நாட்பட்ட சிறுநீரக நோய் என்பர். "இயல்பு" என்று மூன்று முறை சான்று பெற்ற காலத்திலேயே இம்மனிதர் தம் சிறுநீரக வலுவில் மூன்றில் ஒரு பங்கை இழந்திருக்கிறார்! எந்தத் தாளிலும் பொய் இல்லை. ஆயினும் நான்கையும் ஒருங்கே வைத்துப் பார்த்தவர் எவரும் இல்லை.

வழக்குக் கட்டொன்றின் பின்புறத்தில் பென்சிலால் கோடு கிழித்து அந்நான்கு எண்களையும் புள்ளிகளாக இட்டு இணைத்துக் காட்டினோம். அவர் ஒரு கணமே பார்த்தார். "ஐயா, இது குளம் வத்துற மாதிரியெல்லோ கிடக்கு!" என்றார்.

இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? துருசடியில் நட்ட அளவுகோலைப் பார்த்து, இத்தனை அடி நீர் உண்டு, சிறுபோகத்துக்கு இத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் எழுந்து வாதாடுகிறவர் அவர். அவருக்கு அறிவு குறைவில்லை. அறிக்கை அவரை நோக்கி எழுதப்படவில்லை என்பதே குறை.

வட மத்திய மாகாணத்திலும் அதனை அடுத்த வவுனியாவிலும், காரணம் இன்னதென்று முடிவாகாத சிறுநீரக நோய் 1990களிலிருந்து கமக்காரரை வருத்தி வருகின்றது. நோய் முற்றும்வரை உடலில் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. அத்தகைய நோய்க்கு எச்சரிக்கை மணி அந்தத் தாள் ஒன்றே. அது ஆங்கிலத்தில் ஒலிக்கின்றது.

தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் எழுதிற்று. அரச நிறுவனம் நம்மோடு தமிழில் தொடர்பு கொள்ள வேண்டும் என்பது நாம் யாசிக்கும் சலுகை அன்று, சட்டம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். "கிரியற்றினின் 1.2" என்பதைத் தமிழெழுத்தில் அச்சிட்டாலும் கமக்காரருக்கு இருள் நீங்காது. ஆகவே மொழிபெயர்ப்போடு படமும் வேண்டும் என்கிறோம். முந்திய எண்களும் இன்றைய எண்ணும் ஒரே கோட்டில். அபாய எல்லை எங்கே என்பதற்கு ஒரு குறி. அடியில் இரண்டு வரி தமிழ்.

இது புதுமையும் அன்று. டேவிட் மோர்லி என்ற ஆங்கில வைத்தியர் நைஜீரியக் கிராமத்துத் தாய்மாருக்காக வகுத்த எடைக்கோட்டு அட்டை உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டிலும் பிள்ளை பெற்ற தாயின் வீட்டில் அத்தகைய பதிவேடு உண்டு. கோடு மேலேறாமல் படுத்துவிட்டால், எழுத்தறியாத பாட்டியும் "பிள்ளை தேறயில்லை" என்கிறாள். குழந்தையின் எடைக்கு இயன்றது தகப்பனின் சிறுநீரகத்துக்கு ஏன் இயலாது? தமிழில் மருத்துவம் சொல்ல முடியாது என்பாரும் உளர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டி மேலே செல்கிறோம்.

வைத்தியர்கள் நேரமில்லை என்பர். நெரிசலை நாமும் அறிவோம். ஆனால் அறிக்கையை அச்சிடும் கணினியிடம் பழைய எண்கள் இருக்குமானால், அவற்றைக் கோடாக இடுவது அதற்கு ஒரு நொடி வேலை.

அவர்களின் மற்றோர் ஆட்சேபத்தை அவ்வளவு எளிதில் தள்ள மாட்டோம். படம் மிகைபடச் சொல்லும் என்கிறார்கள். மெய்தான். சந்தேகத்துக்கும் நிரூபணத்துக்கும் உள்ள தூரம் நியாயவாதிக்குத் தெரியும். நுரையீரலைப் பற்றி "விலக்கிச் சொல்ல இயலாது" என்று வைத்தியர் எழுதிய ஐயத்தை, உடலின் உருவத்தில் ஒரு கரும்புள்ளியாக வரைந்துவிட்டால், ஐயம் தீர்ப்பாகிவிடும். அன்றிரவு அந்த வீட்டில் எவரும் உறங்கார். எனவே ஐயமானதைப் புள்ளிக் கோட்டால் வரைக. உறுதியானதை முழுக்கோட்டால் வரைக. மூல அறிக்கையைப் பிரிக்காது கூடவே கொடுக்க. படத்தின்கீழ் வைத்தியரின் கையொப்பம் இருக்க வேண்டும். வர்ணத்தை மட்டும் நம்பவும் கூடாது. பச்சையையும் சிவப்பையும் பிரித்தறியாத ஆடவர் நம்மிடையே உண்டு.

மாகாணச் சுகாதாரத் திணைக்களத்தாரிடம் நாம் கேட்பது பெரிதன்று. சிறுநீரகக் கிளினிக் கொப்பியில் கட்டமிட்ட பக்கம் ஒன்றைச் சேருங்கள். அதுவரை கமக்காரர் அமைப்புகள் பத்துச் சதுரக்கோட்டுக் கொப்பிகளை வாங்கட்டும். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் புள்ளி இட்டுக் கொடுக்கட்டும். கோட்டின் பொருளை வைத்தியரே சொல்லட்டும்.

நம் கமக்காரர் அந்தப் பென்சில் கோட்டை மடித்துக் கிளினிக்குக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்த இளம் வைத்தியர் அதை வாங்கிப் பார்த்து, சிறுநீரும் சோதிக்க எழுதிக் கொடுத்து, தாளைக் கொப்பியிலேயே ஒட்டி வைத்தாராம். காணி உறுதி அலுவல் இன்னும் முடியவில்லை.