பெயர்ந்தோர் எழுதிய தோம்பு

நூதனசாலை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மாணாக்கரின் நினைவில் எழுவன யாவை? அரசர் காலத்து நாணயம், உடைந்த சிலை, ஏட்டுச் சுவடி, துருப்பிடித்த வாள் ஆகியனவே. பழமை மிக்கவையும் பெரியோர் கையாண்டவையுமே அங்கு இடம்பெறத் தக்கவை என்பது நெடுநாளைய எண்ணம். நேற்றுவரை நம் குசினியில் இருந்த செம்பும், அன்னையார் றங்குப் பெட்டியில் மடித்து வைத்த காணி உறுதியும் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கத் தக்கனவோ என்று கேட்டால் நகைப்பவரே மிகுதி. அந்நகைப்பு நியாயமானதுதானா என்பதை இவ்வாரம் வாசகர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

தோம்பு என்னும் சொல்லை முதியோர் அறிவர். போர்த்துக்கேயர் காலத்தில் தொடங்கி, ஒல்லாந்தர் காலத்தில் விரிவாக எழுதப்பட்ட காணிப் பதிவேட்டுக்கு அது பெயர். இன்ன காணி இன்னாருக்குரியது, அதன் பரப்பு இவ்வளவு என்று ஆள்வோர் தம் வருமானத்தின் பொருட்டு எழுதிவைத்த கணக்கு அது. காணியின் எல்லை அதில் உண்டு. அக்காணியில் நின்ற வேம்பின் நிழலில் யார் இருந்து இளைப்பாறினர் என்பதை அது கூறாது.

2011 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலை ஆசிரியரும் ஓவியருமாகிய தா. சனாதனன் அவர்கள், ‘முடிவுறாத தோம்பு’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் ஒரு நூலை வெளிப்படுத்தினார். போரினால் வீடு இழந்து பெயர்ந்த தமிழ் பேசும் மக்களை அணுகி, தாம் விட்டு வந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தருமாறு அவர் வேண்டினார். அவ்வாறு கிடைத்த ஏறத்தாழ 80 வீடுகளின் படங்கள் அந்நூலில் உள்ளன. வீட்டுக்காரர் தம் கையாற் கீறிய கோடு ஒன்று. அதனைக் கட்டடக் கலைஞர் ஒருவர் அளவுப் படமாக்கியது ஒன்று. அவர்தம் கதையைக் கேட்டு ஓவியர் தீட்டியது ஒன்று. ஒரே வீடு மூன்று முறை வரையப்படுகின்றது. ஆயினும் எம்முறையும் அது முழுமையாகத் திரும்பி வருவதில்லை. முடிவுறாத தோம்பு என்ற பெயரின் பொருத்தம் அங்கேதான் விளங்குகிறது. அன்று ஆள்வோர் எழுதிய தோம்பை, இன்று இழந்தோர் எழுதினர் எனலாம்.

இம்முயற்சிக்கு முன்னோடியாக அமைந்தது 2004 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நிகழ்ந்த ‘அகம் – புறம்’ என்னும் கலைக் காட்சி. அதில் சனாதனன் அவர்கள் ‘வரலாறுகளின் வரலாறு’ எனப் பொருள்படும் படைப்பொன்றை அமைத்தார். யாழ்ப்பாணத்து வீடுகளில் மக்கள் காத்து வைத்திருந்த பொருள்களைக் கேட்டுப் பெற்று, அவற்றையே அங்கு காட்சியாக்கினார். அக்காட்சி நிகழ்ந்த இடத்தையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1981 ஆம் ஆண்டு மே 31 இரவு தீயிடப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த கட்டடம் அது. எழுதிய வரலாறு எரிந்த இடத்திற்கு, எழுதாத வரலாற்றை மக்கள் தம் கையால் கொண்டுவந்து கொடுத்தனர். இதனினும் சிறந்த மறுமொழி வேறு யாது?

இவ்விடத்தில், காட்சியைத் தொகுப்பவரின் தொழில் யாது என்ற வினா எழும். பொருள்களைச் சேர்த்து வரிசையாய் அடுக்குவதே அத்தொழில் என்று கருதுவோர் உளர். அது சந்தைக் கடைக்குப் பொருந்தும், நூதனசாலைக்குப் பொருந்தாது. எப்பொருளை எதன் அருகில் வைப்பது, எதற்குத் தனி இடம் விடுவது, அதன் கீழே யாருடைய வாக்கை எழுதுவது, எதனை எழுதாமல் விடுவது என்பனவற்றை முடிவு செய்வதே அத்தொழிலின் சாரம். ‘பித்தளைச் செம்பு, 20 ஆம் நூற்றாண்டு’ என்று எழுதினால் அது ஒரு பாத்திரம். ‘மூன்று முறை பெயர்ந்தபோதும் இதனைக் கைவிடவில்லை’ என்ற உடையவளின் சொல்லை எழுதினால் அதுவே ஒரு குடும்பத்தின் சரித்திரம்.

சொல்லுக்கு இத்துணை இடமுண்டாயின் கவிதைக்கும் அங்கு இடமுண்டு. கவிதையைச் சுவரில் தொங்கவிட்டுப் பார்ப்பது மேல்நாட்டார் புதுமை என்று சிலர் முகஞ் சுளிப்பர். அவர்கள் தண்டியலங்காரத்தைப் புரட்டுவாராக. எழுத்துகளைத் தேராகவும் பாம்பாகவும் சக்கரமாகவும் முரசாகவும் அமைத்துப் பாடும் சித்திரகவியை நம் முன்னோர் அறிந்திருந்தனர். செவிக்குரிய கவிதை கண்ணுக்கும் உரியதாகலாம் என்பது தமிழுக்குப் புதிதன்று.

இறந்தார் பொருட்டுப் பாடும் சரமகவியும் நமக்குப் புதிதன்று. அந்தியேட்டி நாளில் கல்வெட்டு அச்சிட்டுப் படிக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. மறைந்தவரின் குலம், ஊர், குணம், சுற்றம் யாவும் அதில் பாட்டாய் வரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவரும் கவிஞருமாகிய பா. அகிலன் அவர்கள் 2011 இல் வெளியிட்ட நூலுக்குச் ‘சரமகவிகள்’ என்றே பெயரிட்டார். ஆனால் அந்நூலில் இறந்தவர்க்குப் பெயரின்றி இலக்கமே தலைப்பாய் நிற்கும் கவிதைகள் உண்டு. மருத்துவமனைப் பதிவேட்டின் வறண்ட மொழி அங்கே கவிதையாகிறது. குலமும் சுற்றமும் கூற ஒருவரும் எஞ்சாத இறப்புக்குப் பழைய யாப்பு எவ்வாறு இடங்கொடுக்கும்? உருவம் உடைந்தது புதுமை வேட்கையால் அன்று; வேறு வழியின்மையால் என்பதை மாணாக்கர் உணர்தல் வேண்டும்.

கவிதை ஒரு காட்சிக்கே வாயிலாதலும் உண்டு. 2019 டிசெம்பரில் கொழும்பில் நவீன, சமகாலக் கலைக்கென ஒரு நூதனசாலை திறக்கப்பட்டபோது, அதன் முதற் காட்சிக்குப் பெயர் தந்தது கவிஞர் சேரன் அவர்களின் கவிதை.

‘துயரத்தைக் கண்காட்சியாக்குதல் தகுமோ?’ என்று பெரியோர் ஒருவர் நம்மிடம் கேட்டதுண்டு. தள்ளத்தக்க கேள்வி அன்று. அதற்கு யப்பானிலிருந்து ஒரு செய்தியை விடையாகக் கூறுவோம். 1945 இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டினால் மாண்ட மூன்று வயதுச் சிறுவனைத் தந்தையார் அவனது மூன்று சக்கர வண்டியுடன் வீட்டு வளவிலேயே புதைத்தார். 1955 முதல் அந்நகரில் நூதனசாலை இருந்தும் அவ்வண்டி அங்கே போகவில்லை. 1985 இல், நாற்பது ஆண்டு கழிந்த பின்னரே, தந்தையார் தாமாகத் தோண்டியெடுத்து அதனைக் கொடுத்தார். கொடுக்கும் காலத்தை நிச்சயிக்க உரிமையுள்ளவர் இழந்தவர் ஒருவரே. அவ்வுரிமை காக்கப்படின் காட்சி தகும், இல்லையேல் தகாது.

இனி நம் வன்னிக்கு வருவோம். அக்கராயன் குளத்தின் அயலில் உள்ள நம் ஸ்கந்தபுரம், 1996 இல் கிளிநொச்சி நகரை விட்டு வந்தோர்க்குப் புகலிடம் தந்த ஊர். 2008 இல் தானே பெயர்ந்த ஊர். இங்கு வீடுதோறும் ஏதேனும் ஒன்று எஞ்சியிருக்கும்: தறப்பாளின் துண்டு, நனைந்து மை கரைந்த பாடசாலைச் சான்றிதழ், பாதி எரிந்த புகைப்படம். இவற்றைக் கறையான் ஒருபுறமும் மாரி மழை மறுபுறமும் தின்கின்றன. அவற்றின் கதையை அறிந்த முதியோரும் ஒவ்வொருவராய் மறைகின்றனர். பொருள் நின்று கதை போய்விட்டால் எஞ்சுவது வெறுங் குப்பையே.

ஆதலின் உயர்வகுப்பு மாணாக்கர்க்கு ஒன்று கூறுவோம். பெரிய மண்டபத்துக்காகக் காத்திராதீர்கள். பாடசாலை நூலகத்தில் ஓர் அலுமாரித் தட்டுப் போதும். அப்பு ஆச்சியிடம் ஒரு தாளைக் கொடுத்து, பழைய வீட்டின் தலைவாசலும் கிணற்றடியும் எங்கிருந்தன என்று கீறித் தரச் சொல்லுங்கள். கோடு கோணினாலும் திருத்தாதீர்கள். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். பொருளை அவர் மனமுவந்து தந்தாலன்றி வாங்காதீர்கள். திருப்பிக் கேட்டால் அக்கணமே கொடுங்கள். அதனருகே நீங்கள் எழுதிய நான்கு வரியையும் வையுங்கள். யாப்பு அமையாவிடினும் உண்மை அமையட்டும்.

அத்தட்டின் முன் ஒருவர் ஒரு நிமிடம் பேசாது நிற்பாராயின், உங்கள் ஊருக்கு நூதனசாலை உண்டாகிவிட்டது என்று கொள்ளலாம்.