கோணி ஊசியால் தைத்த நூலகங்கள்

வட சென்னையைப் பற்றி எழுதவும் படம் எடுக்கவும் முனைவோர்க்குச் சில பொருள்கள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன: குத்துச்சண்டை, கானா, காசிமேட்டு மீன் ஏலம், கத்தி. ‘மெட்ராஸ்’ (2014) படத்தின் நாயகன் கையில் ஒரு நாவல் இருந்ததை இலக்கிய வட்டாரங்களில் பலர் மகிழ்ச்சியோடு குறிப்பிட்டார்கள். குறிப்பிடத் தக்கதுதான். ஆனால் படிக்கிறவன் இளைஞன், ஆண், வேலைக்குப் போய்த் திரும்பியபின் ஓய்வு உள்ளவன். அவன் அம்மாவின் மடியில் ஒரு வார இதழாவது கிடந்திருக்கலாமே என்ற எண்ணம் படத்தைப் பாராட்டியவர்களுக்கும் எழவில்லை, குறை சொன்னவர்களுக்கும் எழவில்லை.

தமிழில் வாசிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சிற்றிதழ், தேநீர்க்கடை, மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடை, நண்பர் குழாம் என்றே பேசிப் பழகியிருக்கிறோம். இவை யாவும் வீட்டுக்கு வெளியே இருப்பவை. இராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் ஒரு தலைமுறைக் காலம் வாசிப்பைக் காப்பாற்றி வைத்திருந்த இடம் வேறு. அது அடுக்களையை ஒட்டிய தாழ்வாரம். அங்கே வாசித்தவர்கள் பிள்ளை பெற்ற, வேலை ஓயாத பெண்கள். அவர்களுடைய வாசிப்பைப் ‘பொழுதுபோக்கு’ என்று ஒதுக்கியதில் நாம் இழந்தது கொஞ்சமல்ல என்பதே இங்கே சொல்ல வந்தது.

எல்லா வீட்டிலும் வாசித்தார்கள் என்று சாதிக்க மாட்டோம். விடியுமுன் கூடையோடு கிளம்பும் மீன்காரப் பெண்ணுக்கு எழுத்து அறிமுகமாகவே வாய்க்காத காலம் நெடியது. ஆனால் ஆலைத் தொழிலாளர் வீடுகளின் கதை சற்று வேறு. எண்ணூரில் அசோக் லேலண்ட், 1955 முதல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, 1946-இல் அதே திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். என்று ஆலைகள் பெருகிய பகுதி இது. ஆலை வீட்டின் நேரத்தை ஷிப்ட்தான் வகுத்தது. கணவர் இரவு ஷிப்ட் முடிந்து பகலில் உறங்கும் வீட்டில் வானொலி வைக்க முடியாது, தையல் இயந்திரத்தை மிதிக்க முடியாது. சத்தமில்லாமல் செய்யக்கூடிய வேலைகள் இரண்டு: ஒயர் கூடை பின்னுவது, படிப்பது. இரண்டையும் ஒரே பிற்பகலில் மாற்றி மாற்றிச் செய்தவர்கள் அநேகர்.

இனி அந்த ‘பைண்டு’ புத்தகங்களுக்கு வருவோம். ‘கல்கி’யில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடரை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து வைத்த வீடுகள் தமிழ்நாடெங்கும் இருந்தன. பின்னர் வந்த எத்தனையோ தொடர்களுக்கும் இந்த மரியாதை கிடைத்தது. இதழ் வீட்டில் எல்லாரும் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கம்பியைப் பக்குவமாக நிமிர்த்தித் தாளைப் பிரிக்க வேண்டும். வரிசை பிசகாமல் அடுக்கிக் கனமான எதையாவது மேலே ஏற்றி வைக்க வேண்டும். ஓராண்டோ ஈராண்டோ கழித்துத் தொடர் முற்றுப்பெற்றதும் ஓரத்தில் ஓட்டை இட்டு, கோணி ஊசியால் சணலோ தடித்த நூலோ கோத்துத் தைப்பார்கள். மைதாவைக் காய்ச்சிய பசையில் பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேரும். முதுகுக்குப் பழைய ரவிக்கைத் துணி. அட்டைக்கு வேட்டிக் கடை அட்டைப்பெட்டி. கைவேலை என்று பள்ளியில் மணிக்கணக்கில் சொல்லிக்கொடுக்கிறார்களே, அதில் இதைவிடப் பயனுள்ளது எதுவும் நமக்குத் தெரியவில்லை.

இத்தொகுதிகளின் சிறப்பு அவற்றின் கலப்படத்தில் இருக்கிறது. கதைப் பக்கத்தின் பின்புறம் ஒரு சமையல் குறிப்பு இருக்கும், பாதியில் அறுந்த நகைச்சுவைத் துணுக்கு இருக்கும், வெளியாகப்போகும் படத்தின் விளம்பரம் இருக்கும். ஓவியர் மணியம் வரைந்த வந்தியத்தேவன் அந்தத் தாளில்தான் அந்த மையில்தான் இருக்கிறான். பதிப்பகங்கள் பின்னாளில் வெளியிட்ட நூல்களிலோ கதை மட்டும் மிஞ்சிற்று, அது வாசிக்கப்பட்ட சூழல் உதிர்ந்துவிட்டது. ஓரத்தில் பென்சிலால் பால் கணக்கு எழுதிய தொகுதிகளும் உண்டு. வாசிப்பின் வரலாற்றை எழுத விரும்பும் ஆய்வாளருக்கு அந்தப் பால் கணக்கு ஒரு கல்வெட்டு.

கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுதும் சேர்த்தவை இன்று தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அவருக்குத் தமிழ் உலகம் கடன்பட்டிருக்கிறது, அதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆயினும் ஓர் ஆண் திரட்டினால் சேகரம் என்றும், ஒரு தாய் பரண்மேல் கட்டி வைத்தால் அடைசல் என்றும் வழங்குகிற சொல் வேறுபாட்டை எப்படிக் கவனியாமல் இருப்பது?

இராயபுரத்தில் கைவேலையோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். ஊரின் பெயரே இராயப்பர் என்று தமிழ்க் கிறித்தவர் வழங்கும் புனித பேதுருவினுடையது. படகோட்டிகள் எழுப்பிய தேவாலயம் ஒருபுறம், ஆங்கிலோ இந்தியர் வாழ்ந்த தெருக்கள் ஒருபுறம், 1910-இல் அமைந்த பார்சிகளின் அக்கினிக் கோயில் ஒருபுறம். டிசம்பர் வந்தால் கல்கல்லும் அச்சு முறுக்கும் எண்ணெயில் பொரியும். பிளம் கேக்குக்கு உலர்பழங்கள் முன்கூட்டியே ரம்மில் ஊறத் தொடங்கிவிடும். வீட்டில் ஓவன் இல்லாத காலத்தில் மாவைக் குழைத்துத் தட்டில் ஊற்றி, பெயர் எழுதிய துண்டுச் சீட்டோடு பக்கத்துப் பேக்கரிக்குத் தூக்கிச் செல்வார்கள். ரொட்டி வெந்தபின் அடுப்பில் எஞ்சியிருக்கும் சூட்டில் அது வேகும். அதற்கும் வசதிப்படாதவர்கள் அலுமினியக் குண்டானில் மணலைக் கொட்டிச் சூடாக்கி, உள்ளே தட்டை வைத்து, மூடிமேல் தணலைப் பரப்புவார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோசைக் கல்லின் முன் நிற்பவர் படிக்க முடியாது. ஒன்றை எடுத்தால் அடுத்ததை ஊற்ற வேண்டும், கடைசி ஆள் எழுந்து போகும்வரை நிற்க வேண்டும். கேக் அப்படியன்று. ஒரு மணி நேரம் அதைத் திறக்கவே கூடாது, திறந்தால் நடுவில் அமுங்கிப்போகும். தமிழ்ச் சமையலறைக்குள் நுழைந்த பண்டங்களில் ‘என்னைச் சற்று நேரம் தொடாதே’ என்று சொன்னவை மிகச் சில. அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை அத்தியாயங்கள் வாசிக்கப்பட்டிருக்கும்!

இப்படிச் சொல்வதால் பண்டிகை வேலையைப் புனிதமாக்குகிறோம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். ‘எல்லாவற்றையும் சமாளிக்கும் அம்மா’ என்ற பாராட்டு மிகவும் ஆபத்தானது. அந்தப் பாராட்டைப் பெற்றவருக்கு அதற்குப்பின் ஓய்வு கிடைப்பதில்லை. விடுமுறை என்பது வீட்டில் மற்றவர்களுக்குத்தான். காசிமேட்டைப் பாருங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதே நாட்களில்தான் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. விசைப்படகு கரையில் நிற்கிறது, வருமானம் இல்லை, கணவரும் பிள்ளைகளும் வீட்டில் இருக்கிறார்கள். மூன்று வேளைச் சமையலும் செலவுக்குப் பணம் புரட்டுவதும் ஒருத்தியின் தலையில் விழுகின்றன. கூடை பின்னுவது அவளுக்குக் கைவினையும் அன்று, ஓய்வும் அன்று, அரிசிக்காசு.

மத்திய அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார். ஆணுக்கு 97 நிமிடம். ‘பெண்கள் கனமான இலக்கியம் படிப்பதில்லை’ என்று அவ்வப்போது அலுத்துக்கொள்ளும் விமர்சகர்கள் அந்த இருநூற்றிரண்டு நிமிட வேறுபாட்டைத் தம் வீட்டுக் கடிகாரத்தில் ஒருமுறை அளந்து பார்க்கலாம். நான்கு பெண்களின் தாயான அமெரிக்க எழுத்தாளர் டில்லி ஓல்சன், எழுதப்படாமலே போன எழுத்துகளைப் பற்றி 1978-இல் ஒரு நூலே எழுதினார். நம்மிடம் வை.மு. கோதைநாயகி அம்மாள் இருந்தார். தொடக்கத்தில் தாமாக எழுத இயலாமல் தோழி பட்டம்மாளிடம் சொல்லி எழுதுவித்தவர், 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி 115 நாவல்கள் எழுதி முடித்தார். அவரை வாசித்தவர்களில் பெரும்பகுதியினர் அடுக்களையில் இருந்தவர்கள். இலக்கிய வரலாறுகளில் அவருக்கு ஒரு பத்தி கிடைக்கிறது, அவர்களுக்கு அதுவும் இல்லை.

வட சென்னையில் இந்த வீட்டு நூலகங்களுக்கு வேறோர் எதிரியும் உண்டு. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர் முகத்துவாரப் பகுதிக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. சுவரில் கருங்கோடு விழுந்தது. அந்த மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கிறிஸ்துமசுக்கு மறுநாள் அது. தாழ்வான வீட்டில் முதலில் நனைவது கீழ்த்தட்டு. நனைந்த துணியைத் துவைக்கலாம், எண்ணெய் ஊறிய தாளை என்ன செய்வது?

நம் கோரிக்கை பெரிதன்று. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் இந்தியாவிலேயே முன்னோடியானது. சொத்து வரியோடு நூலக வரியை இன்றும் கட்டிவருகிறோம். கிளை நூலகத்தின் கதவு திறந்திருக்கும் காலைப்பொழுதும் மாலைப்பொழுதும் ஒரு தாயால் வாசற்படி தாண்ட முடியாத பொழுதுகள். மதியம் ஒன்றரை முதல் மூன்றரை வரை, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புமுன், ஒரு கிளையையாவது திறந்து வைத்துப் பார்க்கட்டும். திருவொற்றியூரில் தொடங்கலாம்.

அதுவரை வாசகர்கள் தத்தம் வீட்டுப் பரணைப் பார்ப்பது நல்லது. ரவிக்கைத் துணி முதுகோடு ஏதேனும் அகப்பட்டால் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏற்றிவிட வேண்டாம். தைத்தவர் இருந்தால், எந்த ஆண்டு, எந்தத் தெருவில் தைத்தார் என்று கேட்டு உள்ளட்டையில் எழுதி வையுங்கள். பால் கணக்கை அழிக்காதீர்கள்.