காதில் அக்கி, வாய் கோணல்: 3 நாள்தான் கெடு!

வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டால் "காத்து அடிச்சிடுச்சு" என்று சும்மா இருப்பவர்கள் உண்டு. காதில் கொப்புளம் கண்டால் அக்கி என்று காவி எழுதிக்கொள்பவர்களும் உண்டு. இரண்டும் ஒரே ஆளுக்கு வந்தால்? ஆபத்து!

என்றோ வந்துபோன சின்னம்மையின் கிருமி நரம்பில் பதுங்கியிருந்து, முக நரம்பைத் தாக்குவதே காரணம். 1907-ல் அமெரிக்க டாக்டர் ராம்சே ஹண்ட் இதை விவரித்தார். 2022-ல் பாடகர் ஜஸ்டின் பீபருக்கும் வந்தது.

காது வலிக்கும். கண் மூடாது. குடிக்கும் தண்ணீர் வாயோரம் ஒழுகும். சிலருக்குத் தலை சுற்றும், காது மந்தமாகும்.

ஏசைக்ளோவிர், ஸ்டீராய்டு இரண்டும் சேர்ந்ததே சிகிச்சை. 3 நாளுக்குள் தொடங்கியவர்களில் 100-க்கு 75 பேர் முழுக்கத் தேறினர். ஒரு வாரம் தாண்டியவர்களில் 30 பேர்தான். இது 1997-ல் வெளியான ஆய்வுக் கணக்கு. மருந்துக் கடையில் தானாகக் கேட்டு வாங்கக் கூடாது. மூடாத கண்ணுக்கும் பாதுகாப்பு வேண்டும்.

கை கால் விளங்காமல் பேச்சும் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108!

எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பஸ் தூரம்தான். தடுப்பது தினக்கூலி. "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்பதற்குள் கெடு முடிந்துவிடுகிறது. போன கூலியை மறுநாள் சம்பாதிக்கலாம். முகத்தை?