நாய்க்குட்டி வருமுன்

பள்ளி விடுமுறை நெருங்கினாற் போதும். அயல்வீட்டு நாய் ஈன்ற குட்டிகளில் ஒன்றைக் கேட்டுப் பிள்ளைகள் நச்சரிப்பர். இசைவதாயினும், எட்டு வாரம் நிறையுமுன் தாயிடமிருந்து குட்டியைப் பிரித்தல் ஆகாது.

அது வருமுன் வீட்டைத் தரையளவிற் குனிந்து நோக்குக. தொங்கும் மின்கம்பி, மருந்துப் புட்டி, எலிப்பாஷாணம் யாவும் அதன் வாய்க்கு எட்டுவன. முற்றத்து அலரியின் இலையும் நஞ்சே. கட்டில்லாத கிணறாயின் முதலிற் சுற்றி அடைத்துவிடுக. வெங்காயக் கறிச்சோற்றையும் சொக்கிலேற்றையும் அன்பின் பெயரால் ஊட்டுவோர் பலர். இரண்டும் நாய்க்கு ஆகா. படுக்கைக்கு விறாந்தை மூலையிற் பழைய சாக்கொன்று போதும். முதலிரண்டு இரவும் அழும்; தாயைப் பிரிந்த உயிர் வேறென் செய்யும்?

இவற்றினும் தலையாயது தடுப்பூசி. விசர்நோய் குட்டிகளுக்கும் வரும். பாற்பல் தானே என்று கடியையும் கீறலையும் அசட்டை செய்வது கொடிய வழக்கம். நோய்க்குறி தோன்றியபின் மனிதர் உயிர் தப்புதல் அரிதினும் அரிது. கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். மஞ்சள் பூசிக் காத்திருத்தல் கூடாது. குட்டிக்கு ஊசி போடும் நாளை மிருக வைத்தியரிடம் முன்னரே கேட்டு நாட்காட்டியிற் குறித்துவைக்க. ஆண்டுதோறும் மீண்டும் போடுதல் அவசியம்.