பின்வரிசைக்கு என்ன விலை?

மூணாறு மைதானத்தில் ஃபின்லே கேடயக் கால்பந்துப் போட்டி நடக்கும் நாட்களில் எஸ்டேட் லயங்களில் வேறு பேச்சு இருக்காது. 1940களில், தேயிலைத் தோட்டங்கள் வெள்ளைக்காரக் கம்பெனியின் கையில் இருந்தபோது தொடங்கிய போட்டி. கம்பெனி கைமாறியது, பெயர் மாறியது. கேடயம் மட்டும் நிலைத்துவிட்டது. தோட்டத்துக்கு ஓர் அணி. ஆடுபவர்களிலும் பார்ப்பவர்களிலும் பெரும்பாலோர் தமிழர்கள். கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். எதிரணி விங்கரை ஆட்டம் முழுவதும் கோட்டோரத்திலேயே கட்டிப்போட்ட ரைட் பேக், பையை எடுத்துக்கொண்டு தனியாக நடந்து போவான்.

பின்வரிசைக்காரனின் தலைவிதி இது. முன்வரிசைக்காரனின் திறமைக்குக் கணக்கு உண்டு: இத்தனை ஆட்டம், இத்தனை கோல். பின்வரிசைக்காரனின் திறமை என்பது நடக்காமல் போன விஷயம். வராத கிராஸ், விழாத கோல். அதை எப்படி எண்ணுவது? எண்ண முடியாததற்கு எப்படி விலை வைப்பது?

அமெரிக்கர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள். அவர்களுடைய கால்பந்தில், ஓரத்தில் ஓடிவரும் எதிராளியிடம் பந்து போய்ச் சேராமல் காப்பவரின் பெயர் கார்னர்பேக். கல்லூரி அணிகளில் ஆடும் இவர்களை தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் ஏப்ரலில் வரிசைமுறையில் பங்கிட்டுக்கொள்கின்றன. அதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். அதற்கு முன்பே உயரம், கை நீளம், 40 கெஜ ஓட்டம் என்று எல்லாவற்றையும் அளந்துவிடுவார்கள். ஆனாலும் கணக்கு தவறுகிறது. 2025இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வில் ஜான்சன் முதல் சுற்றிலேயே போய்விடுவார் என்று பலரும் எழுதினார்கள். முழங்கால் குறித்த சந்தேகம் கிளம்பியது. 47ஆவது ஆளாகத்தான் அவரை அரிசோனா எடுத்தது.

இந்தியாவிலும் இந்தச் சந்தை சில ஆண்டுகள் நடந்தது. அதில் கேரளத்தின் இரண்டு பின்வரிசைக்காரர்களின் கதை கவனிக்கத்தக்கது. திருச்சூரின் ரினோ ஆன்டோ ரைட் பேக். மலப்புறம் மாவட்டம் கொண்டோட்டியின் அனஸ் எடத்தொடிகா ஸ்டாப்பர். 2015 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் பத்து வீரர்களை ஏலம் விட்டது. ரூ. 17.5 லட்சத்தில் தொடங்கிய ரினோவை கொல்கத்தா ரூ. 90 லட்சத்துக்கு எடுத்தது. அனஸ் ரூ. 41 லட்சத்துக்கு டெல்லிக்குப் போனார். ஒருவர் விலையில் பாதிகூட மற்றவருக்கு இல்லை.

இரண்டே ஆண்டுகள். 2017 ஜூலையில் மும்பையில் நடந்த டிராஃப்டில் அனஸின் விலை ரூ. 1.10 கோடி. புதிய அணியான ஜாம்ஷெட்பூர் முதல் ஆளாக அவரைத்தான் எடுத்தது. ரினோ ரூ. 63 லட்சத்துக்கு கேரளா பிளாஸ்டர்ஸுக்குப் போனார். 2015இல் போட்டி போட்டு விலையை ஏற்றினார்கள். 2017இல் விலை முன்கூட்டியே நிர்ணயமானது. அந்த வித்தியாசத்தைக் கழித்தாலும் தராசு தலைகீழாகிவிட்டது என்பதில் சந்தேகமில்லை.

இதற்கிடையில் ரினோவின் ஆட்டம் ஒன்றும் கெட்டுவிடவில்லை. அவர் ஆடிய பெங்களூரு அணி 2016இல் ஐ-லீக் பட்டத்தையும் வென்றது, ஆசியக் கால்பந்துச் சம்மேளனக் கோப்பையின் இறுதி ஆட்டம்வரையும் போனது. அனஸும் திடீரென்று ஆடக் கற்றுக்கொண்டவர் அல்ல. புனே அணியின் பின்வரிசையில் பல ஆண்டுகள் நின்றவர். டெல்லியில் அவருக்குப் பயிற்சியாளராக வாய்த்தவர் பிரேசிலின் ராபர்டோ கார்லோஸ். உலகம் கண்ட மிகச் சிறந்த லெஃப்ட் பேக்குகளில் ஒருவர். பிறகு மோகன் பகான். 2017 மார்ச்சில், 30 வயதில், முதன்முறையாக இந்திய அணி. அனஸ் மாறியதைவிட, அவரைப் பார்த்த கண்கள் மாறியதுதான் அதிகம்.

பாலக்காடு, இடுக்கி எல்லைப் பையன்களுக்கு இல்லாதது அந்தக் கண்கள்தான். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பையனையும் மூணாறுத் தோட்டத்துப் பையனையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். வீட்டில் இருவரும் பேசுவது தமிழ். ஆட்டம் வேறு. பாலக்காட்டுக்காரன் பழகியது அறுவடை முடிந்த வயலில் நடக்கும் 'செவன்ஸ்'. பக்கத்துக்கு ஏழு பேர், சின்ன மைதானம், ஆஃப்சைடு கிடையாது. தேசியச் சம்மேளனத்தின் அங்கீகாரமும் கிடையாது. எதிராளியை ஒற்றைக்கு ஒற்றையாக மடக்குவதில் இவன் கெட்டிக்காரன். ஆனால் ஆஃப்சைடே இல்லாத ஆட்டத்தில் வளர்ந்தவன், நான்கு பேராக ஒரே கோட்டில் ஏறி இறங்குவதைப் புதிதாகப் படிக்க வேண்டும். மலைக்காரன் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பனியிலும் ஈரத் தரையிலும் ஓடிப் பழகியவன். மூச்சு வாங்காது. வழுக்கும் தரையில் அவசரப்பட்டுக் காலை நீட்டினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும், அதனால் காத்திருப்பான். பின்வரிசைக்காரனுக்கு அது பெரிய குணம். 40 கெஜம் ஓடவிட்டு கடிகாரத்தைப் பார்த்தால் இரண்டுமே தெரியாது.

இவர்கள் எங்கே போய்த் தங்களைக் காட்டிக்கொள்வது? பாலக்காட்டுக் கல்லூரிகள் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. இடுக்கிக் கல்லூரிகள் கோட்டயத்தில் உள்ள மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. இருவரையும் ஒரே மைதானத்தில் நிறுத்தி ஒப்பிட வழி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிதான். அதற்கு முதலில் கல்லூரி அணியில் இடம் வேண்டும். மூணாறு அரசுக் கல்லூரியின் கட்டடத்தையே 2018 ஆகஸ்ட் நிலச்சரிவு சிதைத்துவிட்டது. வகுப்பறை தேடி அலைந்த கல்லூரியில் கால்பந்துக்கு முதலிடம் கிடைத்திருக்காது.

2024 செப்டம்பரில் சூப்பர் லீக் கேரளா தொடங்கியபோது ஒரு கதவு திறக்கும் என்று தோன்றியது. திருவனந்தபுரம், கொச்சி, திருச்சூர், மலப்புறம், கோழிக்கோடு, கண்ணூர் என்று ஆறு அணிகள். மாநிலத்தில் மாவட்டங்கள் 14. அணி கிடைக்காத எட்டில் பாலக்காடும் இடுக்கியும் அடக்கம். 2017க்குப் பிறகு இந்தியன் சூப்பர் லீக்கில் டிராஃப்டும் இல்லை. அணிகள் தாங்களே ஆள் பிடிக்கின்றன. டிராஃப்டில் குறைகள் இருந்தாலும் ஒரு பட்டியலாவது இருந்தது. பெயர் அதில் ஏறினால் எல்லா அணிகளும் ஒரு முறை படித்தாக வேண்டும். இப்போது ஆள் பிடிப்பவர் எந்த ஊருக்குப் போகிறாரோ அந்த ஊர்ப் பையனுக்குத்தான் அதிர்ஷ்டம்.

கோல் அடிப்பவனின் பெயர் செய்தித்தாளில் வந்துவிடும். கொச்சியில் உட்கார்ந்தே அவனைக் கண்டுபிடிக்கலாம். பின்வரிசைக்காரனுக்காக மட்டும் வளைவுகள் ஏறி மலைக்கு வர வேண்டும், வெயிலில் சித்தூர்ப் பக்கம் நிற்க வேண்டும், பந்து இல்லாத பக்கத்தைத் தொண்ணூறு நிமிடம் பார்க்க வேண்டும். ரூ. 41 லட்சம் என்று எழுதிய கை இரண்டு ஆண்டுகளில் ரூ. 1.10 கோடி என்று திருத்தி எழுதியது, யாரோ அப்படிப் பார்த்ததால்தான்.