நெய்தல் நிலமும் கடற்கரைச் சட்டமும்

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப் பகுத்தனர் நம் முன்னோர். நிலத்தையும் அதில் வாழும் மக்களின் தொழிலையும் சேர்த்தே எண்ணிய பகுப்பு அது. இன்றைய கடற்கரைச் சட்டம் அவ்வாறு எண்ணுகின்றதா என்பதே ஈண்டு எழும் வினா.

1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 1991 பிப்ரவரியில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளிவந்தது. உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. ஊரகப் பகுதிகளில் முதல் 200 மீட்டர் கட்டுமானத்திற்குத் தடைசெய்யப்பட்டது. 2019 ஜனவரியில் வெளியான அறிவிக்கையோ, சதுரக் கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளில், உரிய திட்டம் வகுத்தபின் அத்தடையை 50 மீட்டராகக் குறைத்தது. மீனவர்க்கு வீடு கட்ட இடம் வேண்டும் என்பர். உண்மையே. ஆயின் அவர்தம் இல்லங்களுக்கு 100 மீட்டருக்கு அப்பால் இடந்தர 2011 அறிவிக்கையே வழி கண்டிருந்தது. அனைவர்க்கும் தளர்த்தினால், பொருள் வலிமை உடைய விடுதிகளே கரைக்கு முந்தும்.

மேலும், ஓதக் கோடு ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கின்றது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின், தெற்கே மணல் குவிந்தது; வடக்கே கரை தேய்ந்தது. ஓர் ஊரில் கற்களைக் கொட்டினால் அரிப்பு அடுத்த ஊருக்குச் செல்கின்றது. காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி மக்கள் இதனை நூல்வழி அறிய வேண்டுவதில்லை. காலாப்பட்டு புதுவைக்கு உரியது. அதன் வடக்கும் தெற்கும் தமிழ்நாடு. கடற்கரை மேலாண்மை ஆணையங்கள் இரண்டு. நகரும் மணலோ ஒன்று. எனவே இவ்விரண்டும் கூடி ஒரே திட்டம் வகுத்தல் இன்றியமையாதது.

இஸ்லாமியச் சட்ட மரபில் ‘ஹரீம்’ என்றொரு கோட்பாடு உண்டு. கிணறு, ஆறு முதலியவற்றைச் சூழ்ந்த நிலத்தை எவரும் தமதாக்கிக் கட்டடம் எழுப்பலாகாது என்பது அதன் கருத்து. நீரின் பயன் அனைவர்க்கும் உரியதாதலின், அதன் கரையும் காக்கப்படல் வேண்டும் என்னும் நீதி அதில் அடங்கியுள்ளது. கடற்கரைக்கும் இந்நீதி பொருந்தும்.

கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைவுகள் மக்கள் கருத்துக்கு வைக்கப்படல் வேண்டும் என்பது விதி. புரியாத மொழியில் வைக்கப்படும் வரைவுக்கு மக்கள் என்ன கருத்துரைப்பர்? அதனை எளிய தமிழாக்கிக் குப்பங்கள்தோறும் படித்துக் காட்டும் பணி தமிழ் பயிலும் மாணவர்க்கு உரியது. நெய்தலைத் தேர்வுக்காக மட்டும் படிக்கும் நிலை மாறுக. நெய்தல் நில மக்களுக்குத் தமிழ்த்துறைகள் ஆற்றவேண்டிய கடன் இதுவே.