குரூப் ரைடு: வேகத்தை யார் முடிவு செய்வது? விபத்துக்குப் பிறகு என்ன செய்வது?

ஞாயிறு விடிந்தால் போதும், தென்னேரிக்கு வடக்கே செல்லும் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பைக் குழுக்களைப் பார்க்கலாம். இதே சாலையில், காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் அருகே 2023 செப்டம்பர் 17 அன்று வீலிங் செய்ய முயன்று விழுந்தார் யூடியூபர் டிடிஎஃப் வாசன். அவரது ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு ரத்தானது.

'நாங்க சாகசம் எல்லாம் பண்றதில்லையே' என்கிறீர்களா? ஹார்லி டேவிட்சனில் நாட்டைச் சுற்றி வந்த ஜெய்ப்பூரின் வீனு பாலிவால் அனுபவசாலி. 2016 ஏப்ரலில் மத்தியப் பிரதேசத்தின் விதிஷா மாவட்டத்தில் பைக் சறுக்கி விழுந்து உயிரிழந்தார். நண்பர் ஒருவர் இன்னொரு பைக்கில் உடன் பயணித்துக்கொண்டிருந்தார்.

ஆபத்து எங்கே?

பின்தங்கியவர் குழுவைப் பிடிக்க முறுக்கும் அந்த ஆக்ஸிலரேட்டரில்தான். 80 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறோம். அதனால் நேர் முன்னால் செல்பவருக்கும் உங்களுக்கும் குறைந்தது 2 நொடி இடைவெளி வேண்டும். நேர்சாலையில் ஒருவர் இடம், அடுத்தவர் வலம் என மாறி மாறிச் செல்லலாம். வளைவிலும் குறுகலான சாலையிலும் ஒற்றை வரிசைதான்.

முன்னால் வழிகாட்ட ஒருவர், கடைசியில் எல்லோரையும் கவனிக்க அனுபவமுள்ள ஒருவர் அவசியம். புதியவரை வழிகாட்டிக்கு அடுத்து விடுங்கள். காத்திருக்கும் இடங்களைக் கிளம்பும் முன்பே பேசிவிட்டால், யாரும் துரத்த வேண்டியதில்லை.

விபத்து நடந்துவிட்டால்?

எல்லோரும் சாலையிலேயே நின்றால் அடுத்த விபத்து. பைக்குகளை ஓரமாக ஒதுக்குங்கள். ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்கட்டும். மூச்சு தடைபட்டால் தவிர ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வீட்டுக்குச் சொல்லும் பொறுப்பு ஒருவருக்கு மட்டுமே. அதுவரை வாட்ஸ்அப்பில் படமோ வீடியோவோ போகக்கூடாது.

உயிர் போய்விட்டால்?

பெரும்பாலான குழுக்கள் தயாராகாத இடம் இதுதான். 'நான்தானே வாடான்னு கூப்பிட்டேன்' என்ற எண்ணம் ஒருவரை மாதக்கணக்கில் அரிக்கலாம். அன்று யாரும் தனியாக பைக் ஓட்டி வீடு திரும்ப வேண்டாம். பேச விரும்புபவரைப் பேச விடுங்கள், விரும்பாதவரைக் கிளறாதீர்கள். 'திரும்ப வண்டி எடுத்தாதான் பயம் போகும்' என்று யாரையும் தள்ளவும் வேண்டாம். தூக்கமின்மை, காட்சி கண்முன் திரும்பத் திரும்ப வருவது, குற்ற உணர்ச்சி ஆகியவை ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.

நினைவஞ்சலி ரைடு நடத்துவது சுலபம். காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு அந்த வீட்டுக்குப் போய், நடந்ததை மறைக்காமல் சொல்வதும், போலீஸ், இன்சூரன்ஸ் அலைச்சலில் கூட நிற்பதும்தான் கடினம். பைக்கில் சேர்ந்து போனவர்களுக்கு அந்தக் கடமையும் உண்டு. அடுத்த ரைடுக்கு முன், கடைசியில் வருபவரின் வேகமே குழுவின் வேகம் என்று முடிவெடுங்கள். அதை ஏற்காதவர், எவ்வளவு நல்ல ரைடராக இருந்தாலும், தனியாகவே போகட்டும்.